குடற் புற்றுநோய்: இனத்தின் விதியா, உணவின் வினையா?

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆன் ஆர்பர் என்னும் பல்கலைக்கழக நகரில் டாக்டர் ஆல்டிரெட் வார்தின் என்னும் நோயியல் அறிஞர் வாழ்ந்துவந்தார். அவர் குடும்பத்துக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் இளம்பெண் ஒருத்தியின் முகத்திற் படிந்திருந்த சோர்வைக் கண்டு ஒருநாள் அவர் காரணம் வினவினார். தான் அற்பாயுளிலேயே புற்றுநோயால் மாளப்போவது நிச்சயம் என்றும், தன் குடும்பத்தாரிற் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்று உண்டாகியே இறந்தனர் என்றும் அவள் கூறினாள்.

அதனைப் பேதைமை என்று வார்தின் தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தின் கிளைகளை ஒவ்வொன்றாக விசாரித்து, யார் யார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தனர் என்று குறித்துவைக்கலானார். 1913ஆம் ஆண்டிலே அக்குறிப்புக்களை வெளியிட்டார். தையற்காரியோ, தான் அஞ்சியவாறே, கருப்பைப் புற்றுநோய்க்கு இளவயதில் இரையானாள்.

அக்குடும்பத்தின் மூதாதையர் யேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அப்படியானால் அந்நோய் யேர்மானிய இரத்தத்தோடு வந்ததா? அல்லது அந்த ஒரு வீட்டாரின் வழியே மட்டும் வந்ததா? அல்லது அவர்கள் உண்ட உணவு செய்த வேலையா? குடற் புற்றுநோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மூன்று வினாக்களும் எழுகின்றன. இவற்றுக்குத் தவறான விடையை நம்பியிருப்போர் உயிரையே இழக்க நேரிடுகிறது. ஆதலின் இது படித்தோர் பொழுதுபோக்குக்காக நடத்தும் விவாதம் அன்று.

உலகத்திற் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாவது மூன்றாம் இடத்தை வகிக்கிறது. 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 19 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். 9 இலட்சம் பேர் இறந்தனர். ஆனால் எல்லா மக்களையும் இது ஒரே அளவில் தாக்குவதில்லை. அலாஸ்காவின் பூர்வீகக் குடிகளிடையே மிக அதிகமாகவும், ஆபிரிக்காவின் நாட்டுப்புறங்களில் மிக அரிதாகவும் காணப்படுகிறது. இவ்வேற்றுமையைக் கண்டவுடன் "இது இரத்தத்தில் ஊறிய குணம்" என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு சரிதானா என்பதை ஆராய, முதலில் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து சென்ற ஒரு மக்கட்கூட்டத்தைப் பார்ப்போம்.

கடல் கடந்த யப்பானியர்

1885ஆம் ஆண்டு முதலாக யப்பானியர் பல்லாயிரக்கணக்கில் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அக்காலத்து யப்பானிலே இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. குடற் புற்றுநோய் குறைவு. அமெரிக்க வெள்ளையரிடையே நிலைமை நேர்மாறாக இருந்தது.

வில்லியம் ஹென்சல், மினொரு குரிஹாரா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அமெரிக்காவிற் குடியேறிய யப்பானியரின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதிலே வியப்பான செய்தியொன்று வெளிப்பட்டது. குடியேறியோரிடத்தில் இரைப்பைப் புற்றுநோய் மெல்ல மெல்லவே குறைந்தது. குடற் புற்றுநோயோ அவர்கள் வாழ்நாளுக்குள்ளேயே உயர்ந்து, வெள்ளையரின் அளவை நெருங்கிவிட்டது.

ஓர் இனத்தின் பரம்பரை இயல்பு ஒரு கப்பற் பயணத்தால் மாறிவிடுமா? மாறாது. மாறியவை உணவும் வாழ்க்கை முறையும் அல்லவா? இதற்குப் பிற்காலத்தில் யப்பான் தேசமே இரண்டாம் சாட்சியாக நின்றது. இரண்டாவது உலக மகாயுத்தத்துக்குப் பின் அங்கே இறைச்சியும் கொழுப்பும் உணவிற் பெருகின. இன்று யப்பானில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் குடற் புற்றுநோயும் ஒன்று. அவர்கள் தாய்நாட்டை விட்டு நகரவில்லை; புதிய வாழ்க்கை முறைதான் அவர்களைத் தேடி வந்தது.

அங்ஙனமாயின் தையற்காரியின் குடும்பத்துக்கு என்ன சமாதானம் கூறுவது? அவர்களும் அயலவர் உண்ட உணவையே உண்டனர். ஆயினும் அயலவர் வீடுகளை விட்டு அந்த ஒரு குடும்பத்தையே நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பரம்பரை என்பதும் பொய்யன்று என்பதற்கு அவர்களே சான்று.

ஒருவர் நம்பாத உண்மை

1962ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து வைத்தியசாலை ஒன்றில் டாக்டர் ஹென்றி லிஞ்ச் என்பவர் பயிற்சி வைத்தியராக இருந்தார். இளமையிற் குத்துச்சண்டை வீரராகவும் விளங்கியவர் அவர். மிதமிஞ்சிக் குடித்து நலங்கெட்டிருந்த நோயாளி ஒருவரிடம் குடியின் காரணத்தை அவர் கேட்டார். தம் குடும்பத்தார் எல்லாரும் புற்றுநோயால் இறப்பதால் தமக்கும் அதுவே முடிவு என்று அஞ்சிக் குடிப்பதாக அந்நோயாளி சொன்னார்.

67 ஆண்டுகளுக்கு முன் வார்தினின் காதில் விழுந்த அதே புலம்பல்! லிஞ்ச் ஊரூராகச் சென்று அக்குடும்பத்தாரைக் கண்டு வரலாறு சேகரித்தார். 1966ஆம் ஆண்டில் இரு குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். வார்தினின் பழைய குறிப்புக்களும் பின்னர் அவர் கைக்கு வந்தன. ஆயினும் அக்காலத்து நிபுணர்களிற் பெரும்பாலோர் அவர் கூற்றை ஏற்கவில்லை. புற்றுநோய் சூழலால் வருவது, பரம்பரையாக வருவதன்று என்பதே அவர்களது துணிபு. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் நிராகரிக்கப்பட்டன. லிஞ்ச் சோரவில்லை, குடும்ப வரலாறுகளைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டேயிருந்தார்.

1993ஆம் ஆண்டிலும் 1994ஆம் ஆண்டிலும் உண்மை வெளியாயிற்று. இக்குடும்பங்களைத் தொடரும் தீங்கு, சில பரம்பரையலகுகளிலே தங்கியிருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அவ்வலகுகளின் கடமை யாது? ஓர் அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்துக்கோப்பவர் எவ்வளவு திறமைசாலியாயினும் சிற்சில பிழைகள் நேரத்தான் செய்யும். அவற்றைக் களைவதற்கென அச்சுப்படி பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். நம் உடலின் கலங்கள் பெருகும்போதும், பரம்பரைச் செய்தியாகிய டி.என்.ஏ. இழையைப் படியெடுப்பதிற் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்துவதே இப்பரம்பரையலகுகளின் வேலை. பிழை திருத்துவோரை இழந்த கலத்திலே பிழைமேற் பிழை குவிந்து, இறுதியில் அது கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றாக மாறுகிறது.

இந்த நிலைக்கு இன்று லிஞ்சின் பெயரே வழங்குகிறது. குடற் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறக்குறைய மூவருக்கு இதுவே காரணம். இவ்விகாரமுடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர்வதற்கும் சேராமல் விடுவதற்கும் சமவாய்ப்பே உண்டு. சேர்ந்தோர் எல்லாரும் நோயுறுவதுமில்லை. தையற்காரியின் குடும்பத்தில் 900க்கு மேற்பட்ட வழித்தோன்றல்கள் பிற்காலத்திற் கணக்கிடப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்த விகாரமும் இன்னதென்று கண்டறியப்பட்டது.

இவ்விகாரங்கள் யேர்மானியருக்கு மட்டும் உரியனவல்ல. உலகின் எல்லாக் கண்டத்து மக்களிடத்தும் காணப்படுவன. ஆதலின் முதல் உண்மையை இங்கே கூறலாம்: வலிமையான பரம்பரைத் தீங்கு வீடு வீடாகச் செல்கிறதேயன்றி, நாடு நாடாகவோ இனம் இனமாகவோ செல்வதில்லை.

சிறு கூட்டம், பெரு வழித்தோன்றல்

எனினும் சிற்சில மக்களிடையே குறித்த விகாரமொன்று மிகுதியாகக் காணப்படுவது உண்மையே. அது எப்படி நேர்கிறது? பின்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்மிகுந்த அந்நாட்டின் உட்பகுதிகளிலே பல நூற்றாண்டுகளுக்கு முன் மிகச் சில குடும்பங்களே சென்று குடியேறின. அயலூர்த் தொடர்பின்றித் தமக்குள்ளேயே மணஞ்செய்து பெருகின. அச்சிலருள் ஒருவரிடம் இருந்த விகாரம், இன்று தம்முள் உறவென்று அறியாத எத்தனையோ குடும்பங்களிற் பரவியிருக்கிறது. பின்லாந்தின் லிஞ்ச் குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இரண்டே இரண்டு மூலவிகாரங்கள் காரணம் எனக் கண்டனர்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கெனாசி யூதரிடத்தும் இத்தகைய ஒன்று உண்டு. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை வெளியிட்டனர். குடலிலே முளைகள் தோன்றாமற் காக்கும் பரம்பரையலகொன்றில் ஓரெழுத்து மாறியிருந்தது. நான்கு வகை எழுத்துக்களால் எழுதப்படும் பரம்பரைச் செய்தியிலே, ஒரே எழுத்து மூன்று முறை வந்து, இடையில் வேறோர் எழுத்து நின்று, மீண்டும் முதலெழுத்து நான்கு முறை வருவதே வழக்கம். இடையெழுத்தும் முதலெழுத்தாகவே மாறிவிட்டதால், ஒரே எழுத்து எட்டு முறை தொடர்ந்து நிற்கிறது. அந்த மாற்றத்தால் உடனடியாகக் கேடு எதுவுமில்லை. ஆனால் ஒரே எழுத்து எட்டு முறை அடுக்கிவரும் சொல்லைக் கோக்கும்போது கை தடுமாறுவது போல, அவ்விடத்தைப் படியெடுக்கும்போது கலத்துக்கும் தடுமாற்றம் நேர்கிறது. புதிய பிழை அங்கே எளிதிற் புகுந்துவிடுகிறது.

இம்மாற்றம் அஷ்கெனாசி யூதர் நூற்றுவரில் ஏறக்குறைய அறுவரிடம் உள்ளது. அதனால் உயரும் ஆபத்து மிதமானதே. உடையோரிற் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். எஞ்சிய 94 பேரிடம் அது இல்லவே இல்லை. அவ்வாறிருக்க, "யூத இரத்தமே நோயுற்றது" என்று ஒருவர் சொல்வாராயின் எவ்வளவு பெரிய தவறு! 1972ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் லெவொன்டின் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டியதை இங்கு நினைவுகொள்ளல் தகும். மனித குலத்தின் பரம்பரை வேற்றுமைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு மக்கட்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. இனங்களைப் பிரிப்பது மிகச் சிறு பங்கே.

உணவை மாற்றிக்கொண்ட இரு கூட்டத்தார்

இனம் என்ற சொல் மிகுந்த தீமை செய்தது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் விடயத்திலேதான். அங்கே கறுப்பினத்தாரிடம் குடற் புற்றுநோய் வெள்ளையரிலும் பார்க்க நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு அதிகமாகத் தோன்றுகிறது. அதனால் நேரும் மரணம் 40 பங்கு அதிகம். "அவர்கள் பிறவி அப்படி" என்று எண்ணிய வைத்தியர்களும் இருந்தனர். ஆனால் ஆபிரிக்காவின் நாட்டுப்புறங்களில் அந்நோய் அரிது என்பதை மேலே கண்டோம். பிறவிக் குணமாயின் இவ்வேற்றுமை ஏன்?

பிட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ஸ்டீபன் ஓகீவ் என்பவரும் அவருடைய துணைவர்களும் 2015ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கறுப்பின அமெரிக்கர் 20 பேரும், தென்னாபிரிக்க நாட்டுப்புறத்தார் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டனர். அமெரிக்கருக்குச் சோளமும் அவரையினமும் பழங்களும் கொடுக்கப்பட்டன; நாளொன்றுக்கு 14 கிராமாக இருந்த நார்ப்பொருள் 55 கிராமாக உயர்ந்தது. ஆபிரிக்கருக்கு இறைச்சியும் பொரித்த பண்டங்களும் கொடுக்கப்பட்டன. 66 கிராமாக இருந்த நார்ப்பொருள் 12 கிராமாகத் தாழ்ந்தது.

முதலிற் குடலை நோக்கியபோதே, அமெரிக்கரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் பிற்காலத்திற் புற்றாக மாறக்கூடிய முளைகள் இருந்தன. ஆபிரிக்கரில் ஒருவரிடமும் அவை இல்லை. உணவு மாறிய இரண்டே வாரத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்கரின் குடற்சுவரில் அழற்சியும் கலங்கள் விரைந்து பெருகும் வேகமும் குறைந்தன. ஆபிரிக்கரிடம் அவை கூடின. நார்ப்பொருளைக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் புளிக்கச் செய்யும்போது பியூட்டிரேற்று என்னும் பொருள் உண்டாகிறது. அது குடற்சுவருக்குக் காவல். அமெரிக்கரிடம் அது இரண்டரை மடங்காகப் பெருகிற்று. ஆபிரிக்கரிடம் பாதியாகச் சுருங்கிற்று.

இரண்டு வாரத்திற் புற்றுநோய் தோன்றிவிடாது; மறைந்தும் விடாது. கண்டவை ஆபத்தின் அடையாளங்களே. கறுப்பின அமெரிக்கரின் மூதாதையர் பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவராதலின், இவ்விரு சாராரும் ஒரே குலத்தார் எனவும் கூற இயலாது. ஆயினும் அதே உடம்பு, அதே பரம்பரை, உணவு ஒன்று மட்டும் மாற, குடல் வேறாக நடந்துகொண்டதை மறுக்க முடியுமா?

கதவைத் திறந்த மாநிலம்

தோன்றும் நோயின் வேற்றுமைக்கு உணவு ஒரு காரணம் என்போம். மரணத்தின் வேற்றுமை இன்னும் பெரிதாக இருப்பதற்குக் காரணம் என்ன? இதற்கு விடை தந்தது டெலவெயர் என்னும் சிறிய அமெரிக்க மாநிலம். 2002ஆம் ஆண்டிலே அங்கே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. வசதியற்றோருக்கு இலவசமாகக் குடற் பரிசோதனை. வழிகாட்டி அழைத்துவருவதற்குத் தாதியர். புற்று எனக் கண்டால் இரண்டு ஆண்டுவரை சிகிச்சைச் செலவை மாநிலமே ஏற்றல் என்பன அதன் அம்சங்கள்.

அதுவரை கறுப்பினத்தாருள் நூற்றுக்கு 48 பேரே பரிசோதனை செய்துகொண்டிருந்தனர். 2009ஆம் ஆண்டில் அது 74 ஆக உயர்ந்து வெள்ளையருக்குச் சமமாயிற்று. நோய் முற்றிய நிலையிற் கண்டுபிடிக்கப்படுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கறுப்பினத்தாரின் மரணம் நூற்றுக்கு 42 பங்கு வீழ்ந்து, வெள்ளையரின் அளவை அடுத்துவந்து நின்றது. ஏழே ஆண்டுகளில் எந்த இனத்தின் இரத்தமும் மாறிவிடவில்லை. வைத்தியசாலையின் கதவு மட்டும் திறக்கப்பட்டது.

பரம்பரைத் தீங்குடையோருக்கும் இக்கதவே மருந்து. பின்லாந்திலே 22 லிஞ்ச் குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை குடலை உள்நோக்கிப் பரிசோதித்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்கே புற்று உண்டாயிற்று. அதனால் ஒருவரும் இறக்கவில்லை. பரிசோதியாத 119 பேரில் 19 பேருக்குப் புற்று உண்டாகி, அவர்களில் 9 பேர் இறந்தனர். முளையாக இருக்கும்போதே கண்டு அகற்றிவிட்டால் அது புற்றாக மாறுவதற்கு இடமில்லை. வினையோடு பிறந்தவரும் விதியை வென்றனர் என்றால் மிகையாகாது.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

மேல்நாட்டாருடன் ஒப்பிட்டால் தெற்காசிய மக்களிடையே இந்நோய் குறைவே. அதைக் கேட்டு நம்மவர் சிலர் "நம் இரத்தத்துக்கு இது வராது" என்று மகிழக்கூடும். ஒருகாலத்து யப்பானியரும் அங்ஙனமே மகிழ்ந்திருக்கலாம்! தவிடு நீங்காத அரிசியும் குரக்கனும் பயறும் கீரையும் நம் முன்னோரைக் காத்திருக்குமாயின், அவற்றை விட்டுவிட்ட பிள்ளைகளை முன்னோரின் இரத்தம் காக்குமா? பதப்படுத்திப் பெட்டியிலும் உறையிலும் அடைத்துவரும் இறைச்சி வகைகள் புற்றுநோய்க்குக் காரணமாவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்துவிட்டது.

இரண்டாவது பாடம் நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துச் சாதகம் எழுதி மூன்று தலைமுறைக்குப் பேணி வைக்கிறோம். பாட்டனார் எந்த நோயால், எந்த வயதில் இறந்தார் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. புற்றுநோய் என்று தெரிந்தாலும் "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்துகிறோம். பெண்பிள்ளையின் கலியாணம் தடைப்படும் என அஞ்சி, அத்தையின் நோயையும் சிற்றப்பாவின் நோயையும் மறைக்கிறோம். மறைக்கப்பட்ட அச்செய்திதான் அப்பெண்பிள்ளையின் உயிரைக் காக்கக் கூடியதாயின் என்ன செய்வது?

ஒரே குடும்பத்தில், ஒரே பக்கத்து உறவினரிற் பலருக்குக் குடற் புற்றோ கருப்பைப் புற்றோ வந்திருந்தால், அல்லது ஒருவருக்கேனும் 50 வயதுக்கு முன் வந்திருந்தால், அதனை வைத்தியரிடம் தயங்காது கூறுதல் வேண்டும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் ஒருவருக்கு இந்நோய் வந்திருப்பின், 40 வயதில், அல்லது அவர் நோயுற்ற வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்துகிறதோ அப்போது பரிசோதனையைத் தொடங்குவது நன்று என்பது நிபுணர்களின் பரவலான கருத்து. லிஞ்ச் குடும்பத்தாருக்கோ 20 அல்லது 25 வயதிலேயே அது தொடங்குகிறது. குடும்பத்தில் எவருக்கும் இல்லாவிடினும், மலத்தில் இரத்தம் காணுதல், மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடித்தல், இரத்தசோகை, காரணம் தெரியாத மெலிவு என்பவற்றை மூலவியாதி என்று தாமே தீர்மானித்துக் கைம்மருந்து செய்துகொண்டிருத்தல் ஆகாது. வெட்கத்தால் வாயடைத்திருந்தோர் பலர், பின்னர் பேசுவதற்குக் காலமின்றிப் போயினர்.

ஆன் ஆர்பர் நகரத்துத் தையற்காரி தன் குடும்பத்தின் கதையை மறைக்காமற் சொன்னாள். அக்காலத்து வைத்தியத்தால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவள் சொன்ன சொல்லால் பிற்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் காக்கப்பட்டன. அவளுக்குக் கிட்டாத பரிசோதனையும் சிகிச்சையும் இன்று இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள முதியோரை அருகில் இருத்தி, முன்னோர் இறந்த வயதையும் நோயையும் கேட்டு, சாதகக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேனும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் முதுசங்களுள் அந்தப் பக்கமும் ஒன்றாகட்டும்.